கோவைக்கு பஸ் ஏறுவதா, சோழி உருட்டுவதா: பழகத் தயங்கும் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வழி?

பள்ளி திறந்து சில வாரம் ஆனதும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "பையன் படிப்புல மோசமில்ல மிஸ். ஆனா யார்கூடவும் ஒட்ட மாட்டேங்கிறான். இன்டர்வெல்ல தனியா நிக்கிறான். எங்கயாவது க்ளாஸுக்கு அனுப்பணுமா?" பிள்ளைக்கு வயது பதினொன்றிலிருந்து பதினைந்துக்குள் இருக்கும். சிலருக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். சிலருக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது. மற்றவர்களுக்கு எந்தப் பெயரும் வைத்திருக்க மாட்டார்கள். "கூச்ச சுபாவம், அவங்க தாத்தா மாதிரி" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்திருக்கும்.

இவர்களுக்கு இருக்கும் வழிகள் நாலைந்து. கோவையில் நடக்கும் சமூகத் திறன் வகுப்பு, வீடியோ காலில் கவுன்சலிங், பள்ளி நாடகக் குழு, லெகோ கட்டை வைத்து நடத்தும் குழுப் பயிற்சி. அப்புறம் புதிதாகக் காதில் விழுவது டேபிள்டாப் ரோல் பிளே கேம்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஒரு கதைக்குள் போகிற விளையாட்டு. யாரோ போட்ட ரீல்ஸைக் காட்டி "இது தெரபியாமே, நிஜமா மிஸ்?" என்று கேட்கும் அம்மாக்கள் இப்போது உண்டு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பேச வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், அந்த நேரத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான் என்றால் மேசை விளையாட்டைத்தான் முதலில் முயற்சி செய்யச் சொல்வேன். மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். என்ன பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதே பிடிபடவில்லை என்றால் வகுப்பு. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளி என்றாலே அழுகை, கையைக் கிழித்துக்கொள்கிறது என்ற நிலை இருந்தால் இந்தப் பட்டியலையே ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இரவு நேரம், உடனே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பிள்ளை இந்த மூன்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் "எது பெஸ்ட்" என்று கேட்டால் யார் சொல்லும் பதிலும் உதவாது.

கோவை வகுப்பு: பாடம் நல்லது, பாதைதான் சிக்கல்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கான சமூகத் திறன் வகுப்புகளில் அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று பியர்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கியது. பிள்ளைகள் ஒரு அறையில், பெற்றோர் பக்கத்து அறையில், இரண்டு பக்கமும் ஒரே பாடம். நட்பு வட்டம் உள்ள பிள்ளைகள் நிஜத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, அதைப் படிப்படியாக உடைத்துச் சொல்லித் தருவார்கள். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படிச் சேர்வது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சற்றுத் தள்ளி நின்று காது கொடு. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடி. இடைவெளி வரும்வரை காத்திரு. அதே விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல். நம் வீடுகளில் "போய்ப் பேசுடா" என்று தள்ளிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளும் இதற்கு ஒன்றுக்கு மேல் உண்டு. பழகும் திறனை வளர்ப்பதில், இங்கே பேசப்போகும் மற்ற எதற்கும் இந்த அளவு ஆதாரம் கிடையாது. இதை மறைத்துவிட்டு விளையாட்டுக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனமில்லை.

ஆனால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு அவ்வளவு. காலை வகுப்புக்கு விடியும்போதே பஸ் ஏற வேண்டும். சத்தத்துக்கும் வாடைக்கும் உடம்பு சுருங்கும் பிள்ளை, வளைவுக்கு வளைவு குமட்டலோடு இறங்கி, டீசல் வாடை போகாத சட்டையோடு, முன்பின் தெரியாத ஆறு பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்து "உரையாடலைத் தொடங்குவது எப்படி" என்று கற்க வேண்டும். கூடப் போகும் அம்மா தேயிலை பறிப்பவர் என்றால் அன்றைய கூலி போச்சு. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மண் சரிந்து பாதை மூடும். பதினாலு வாரம் தொடர்ச்சியாகப் போனால்தான் பலன் என்று வடிவமைத்த பயிற்சிக்கு, நடுவில் நாலு வாரம் விட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், அவர்களுக்கு மதுரை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்றால் முதலில் வத்தலக்குண்டு வந்து சேர்வதற்கே காலைப் பொழுது போய்விடும்.

இன்னொன்று, வீட்டுப்பாடம். நண்பனை வீட்டுக்குக் கூப்பிடு, இரண்டு மணி நேரம் சேர்ந்து இரு என்பார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே அறையில் அஞ்சு பேர் இருக்கும்போது எங்கே கூப்பிடுவது? கோவையில் தனி வீடு உள்ள பிள்ளைக்குப் பொருந்துவது இங்கே அப்படியே பொருந்தாது. நல்ல ஆசிரியர் இதை மாற்றிக் கொடுப்பார். எல்லோரும் நல்ல ஆசிரியராக இருப்பதில்லை.

வகுப்புகளைப் பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்களே சொல்லும் ஒரு மனத்தாங்கலும் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசு, சிரி, தலையாட்டு என்று பழக்கிப் பழக்கி, நாள் முழுக்க வேஷம் போட வைத்துவிட்டார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெம்பே இல்லை என்கிறார்கள். ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தது: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியாதது எவ்வளவு உண்மையோ, மற்றவர்களுக்கு அவரைப் புரியாததும் அவ்வளவு உண்மை. அப்படியிருக்க ஒரு பக்கத்தை மட்டும் திருத்துவது என்ன நியாயம்? வகுப்பில் சேர்க்கும் முன் அங்கே பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிடுங்கள்.

வீடியோ கவுன்சலிங், நாடகம், லெகோ

வீடியோ கவுன்சலிங் பதற்றத்துக்கு நல்லது. பஸ் வேண்டாம், கூலி போகாது. பேசுபவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பொறுமையாகக் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெரியவரோடு பேசிப் பழகினால், தன் வயசுப் பசங்க நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் நுழைய வந்துவிடாது. டவர் கிடைக்க வாசலுக்கு வந்து நின்று, பக்கத்து வீட்டு அத்தை காதில் விழும்படி மனசைத் திறப்பதும் நடக்கிற காரியமில்லை.

நாடகத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நடிப்பை மருத்துவமாக்கியதில் மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவுக்குப் பெரிய இடம் உண்டு. வியன்னாவில் தொடங்கி அமெரிக்காவில் வளர்த்த அவருடைய உளநாடகம்தான் பாத்திரமேற்று மனசை ஆற்றும் பல முறைகளுக்கு மூத்தது. ஆனால் நம் பள்ளிகளில் நாடகம் என்றால் ஆண்டு விழா. பேசத் தெரிந்த பிள்ளைக்கு ராஜா வேஷம், பேசாத பிள்ளைக்கு மரம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பழக்கம் எதுவும் வளராது. மேடையும் கூட்டமும் பயத்தைக் கூட்டும். பட்டறை போல, பார்வையாளர் இல்லாமல், வசனம் எழுதாமல் நடத்தும் நாடக ஆசிரியர் உங்கள் ஊரில் கிடைத்தால் விடாதீர்கள். அவர் செய்வதும் மேசை விளையாட்டும் சொந்தக்காரர்கள்தான்.

லெகோ முறையை டேனியல் லிகாஃப் என்ற உளவியலாளர் தொடங்கினார், அதன் முதல் ஆய்வு வெளியானது 2004இல். ஒரு பிள்ளை வரைபடம் பார்த்துச் சொல்ல, இன்னொன்று துண்டுகளை எடுத்துக் கொடுக்க, மூன்றாவது கட்ட வேண்டும். பேசாமல் வேலை நடக்காது. பத்து வயதுக்குள், பேச்சு குறைவாக உள்ள பிள்ளைக்கு மேசை விளையாட்டைவிட இதையே சொல்வேன். பதினாலு வயசுப் பையனிடம் கட்டைப் பெட்டியை நீட்டினால் "நான் என்ன பாப்பாவா" என்ற முறைப்புத்தான் வரும்.

மேசையில் நடப்பது என்ன

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் செய்தது. இந்த வகை விளையாட்டுக்கு வழி போட்டது அதுதான். ஒருவர் கதையை நடத்துவார், அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். மற்ற நாலைந்து பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கு எது வரும், எது வராது என்று ஒரு தாளில் எழுதியிருக்கும். கேம் மாஸ்டர் ஒரு நிலைமையைச் சொல்லிவிட்டு "நீ என்ன செய்யறே?" என்பார். சொல்வது நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை. வெற்றி தோல்வி ஒருவருக்கொருவர் கிடையாது, எல்லோரும் ஒரே கட்சி. இவ்வளவுதான் விளையாட்டு.

நான் கேம் மாஸ்டராக இருந்து நடத்தும் எங்கள் சனிக்கிழமைக் குழுவில் நடந்த ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். கதை இது: மேட்டுப்பாளையத்தில் கிளம்பிய மலை ரயில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் நிற்கிறது. மேலே தண்டவாளத்தில் பாறை. அது தானாக உருண்டதில்லை, யாரோ ராத்திரியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நாலு பயணிகள் துப்புத் துலக்க வேண்டும். கார்டின் மகள் ஒருத்தி, மூலிகை தெரிந்தவன் ஒருவன், பிக்பாக்கெட் ஒருத்தி. நாலாவது, குரங்கு பாஷை தெரிந்தவன். அந்தப் பாத்திரத்தை எடுத்தவன் எட்டாம் வகுப்புப் பையன், வகுப்பில் வாய் திறக்காதவன். மனுஷங்ககிட்ட பேச வேண்டாம் பாருங்கள், அதற்குத்தான் குரங்கு.

மற்ற மூவரும் பாறையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஸ்டேஷன் டீக்கடைக்காரர்தான் ராத்திரி நடந்ததைப் பார்த்தவர், கடைக்குப் பக்கத்தில் இருப்பது குரங்குக்காரன் மட்டும். டீக்கடைக்காரராக நான் கேட்டேன்: "என்னப்பா வேணும்? சும்மா நின்னா எப்படி?" பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கிளாஸ் துடைப்பது போலக் கையை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். பிக்பாக்கெட் பெண் குசுகுசுத்தாள்: "முதல்ல டீ கேளு, அப்புறம் விஷயத்தைக் கேக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "அண்ணா, ஒரு டீ" என்றான். பிறகு, "நைட்டு யாராச்சும் மேல போனாங்களாண்ணா?" பகடைக்குப் பதிலாக நாங்கள் வைத்திருக்கும் சோழிகளை உருட்டச் சொன்னேன். ஆறு சோழியில் மூன்று நிமிர்ந்தது. எங்கள் விதிப்படி மூன்று என்றால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு வில்லங்கத்தோடு. "சொல்றேன்பா. ஆனா உன் குரங்கு என் கடையில நாலு பன்னைத் தூக்கிட்டுப் போச்சே, அதுக்குக் காசு யார் தர்றது?" மேசையே சிரித்தது. பையனும் சிரித்துவிட்டு, "ரெண்டுதான் எடுத்துச்சு, நான் பாத்தேன்" என்று பேரம் பேச ஆரம்பித்தான்.

பக்கத்தில் போ, சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பேச்சைத் தொடங்கு, பிறகு விஷயத்துக்கு வா. கோவை வகுப்பில் போர்டில் எழுதிப் போடும் படிகள் இவைதான். இங்கே அவனுக்கு அவசரம் இருந்தது, சொல்லிக்கொடுத்தவள் அவன் வயசுப் பெண், உளறினால் உளறியது அவன் இல்லை, குரங்குக்காரன். தப்பு நடந்தாலும் பழி சோழி மேல். தவிர எதிரில் இருக்கும் டீக்கடைக்காரரை எவ்வளவு கறாராக வைப்பது, எவ்வளவு இளக்குவது என்பது கேம் மாஸ்டர் கையில். நிஜ உலகத்தில் டீக்கடைக்காரரிடம் "பையன் கூச்ச சுபாவம், கொஞ்சம் பாத்துப் பேசுங்கண்ணே" என்று எத்தனை பேரிடம் சொல்லி வைக்க முடியும்?

இதெல்லாம் மேசையோடு நின்றுவிடும் ஆபத்தும் பெரியது. கதைக்குள் சூரப்புலி, பள்ளியில் பழைய பூனை என்று எத்தனையோ பேர். அதனால் விளையாட்டு முடிந்த பிறகு வரும் பத்து நிமிடத்தைத்தான் நான் பயிற்சி என்று சொல்வேன். "டீ கேட்டுட்டு அப்புறம் விஷயத்துக்கு வந்தான், கவனிச்சீங்களா? இந்த வாரம் ஸ்கூல்ல இது எங்க உதவும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் ஒன்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை அது என்ன ஆனது என்று கேட்க வேண்டும். இதைச் செய்யாத குழு நல்ல பொழுதுபோக்கு, அதில் குற்றமில்லை, ஆனால் அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. குரங்குக்காரப் பையன் இப்போது லேப் நோட்டைக் கேட்டு வாங்குகிறான் என்று அவன் டீச்சர் சொல்கிறார். இன்டர்வெல்லில் இன்னமும் தனியாகத்தான் நிற்கிறான். அது அவனுக்குப் பிடித்தும் இருக்கலாம்.

தெரபியா, இல்லையா

அமெரிக்காவில் சியாட்டல் பக்கம் கேம் டு குரோ என்ற அமைப்பு 2017இலிருந்து இதையே வேலையாகச் செய்கிறது; ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து கிரிட்டிக்கல் கோர் என்று ஒரு விளையாட்டுப் பெட்டியே தயாரித்தார்கள். டென்மார்க்கில் ஒஸ்டர்ஸ்கோவ் என்ற உண்டு உறைவிடப் பள்ளி 2006இலிருந்து பாடங்களையே பாத்திரமேற்கும் விளையாட்டாக நடத்துகிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்களை டி அண்ட் டி விளையாட வைத்து, பிறகு பேட்டி எடுத்து, 2024இல் வெளியிட்டார்கள். பாத்திரத்துக்குள் இருக்கும்போது மற்றவர்களோடு இயல்பாக இருக்க முடிந்தது என்பதே பங்கேற்றவர்கள் சொன்னதன் சாரம். ஆனால் அது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள ஆய்வு. இந்தத் துறையில் இதுவரை வந்திருப்பவை பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னக் குழுக்களில் நடந்தவை. மேலை நாடுகளில், ஏற்கெனவே இதில் ஆர்வம் உள்ளவர்களை வைத்துச் செய்தவை. நம்பிக்கை தருகிறது என்று சொல்லலாம், நிரூபணம் என்று சொல்ல முடியாது.

ஆக அந்த அம்மாவின் கேள்விக்கு என் பதில்: பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர், குறிப்பிட்ட பிள்ளைக்குக் குறிப்பிட்ட நோக்கம் வைத்து, இதைக் கருவியாகப் பயன்படுத்தினால் அது தெரபி. டீச்சரோ, லைப்ரரியனோ, ஊர் அண்ணனோ நடத்தினால் அது பழகக் கற்கும் விளையாட்டுக் குழு. இரண்டுமே வேண்டியவைதான். நான் நடத்துவது இரண்டாவது. சிறப்பாசிரியர் பயிற்சி இருப்பதால் நான் தெரபிஸ்ட் ஆகிவிட மாட்டேன், இந்தியாவில் அதற்குச் சட்டமும் இருக்கிறது, 1992ஆம் வருட மறுவாழ்வுக் குழுமச் சட்டம். "நாலு மாசத்தில் ஆட்டிசம் குணமாகும், கேம் தெரபி" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

யார் நடத்துவது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. கதை சொல்லத் தெரிந்தவர் தேவைதான், ஆனால் அதைவிட, சும்மா இருக்கத் தெரிந்தவர் தேவை. பிள்ளை பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் அந்த நீண்ட இடைவெளியை நிரப்பத் துடிக்கும் ஆளிடம் இதைக் கொடுக்கக் கூடாது. ஒரே பிள்ளை மேசையைக் கைப்பற்றிக்கொண்டால் திட்டாமல் அடக்கத் தெரிய வேண்டும். கதைக்குள் வந்த கோபமோ அவமானமோ கதைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அப்போது நிறுத்தத் தெரிய வேண்டும். இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் எளிய உபாயம், விளையாட்டு வடிவமைப்பாளர் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் அறிமுகப்படுத்திய அட்டை. மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அப்படியே தாண்டிப் போகும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மலையில் இதற்கு வேலை அதிகம். கூடலூர்ப் பக்கம் யானை என்பது கதைப்புத்தக மிருகம் இல்லை. வீட்டில் ஆளை இழந்த பிள்ளை மேசையில் இருக்கலாம். 2009 நவம்பர் நிலச்சரிவில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் இங்கே உண்டு. அதனால்தான் எங்கள் கதையில் பாறை தண்டவாளத்தில் விழுந்தது, வீட்டின் மேல் விழவில்லை.

எந்த விளையாட்டு, எந்தப் பகடை

டி அண்ட் டியே வேண்டுமா என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டாம். முதன்மைப் புத்தகங்களே மூன்று, ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஆங்கிலத்தில். தாடிக் குள்ளர்களும் சத்திரங்களும் வரும் உலகம் கோத்தகிரிப் பிள்ளைக்கு இன்னொரு சமூக அறிவியல் பாடம் போல ஆகிவிடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பட்டியல், அட்டவணை, எண் என்றால் உயிரை விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தடித்த விதிப் புத்தகமே நிம்மதி. எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருக்கிறது என்ற உலகத்தில் அவர்கள் தைரியமாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்காக மட்டும் அதை எடுக்கலாம். அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்தலாம்.

மற்றவர்களுக்கு ஒரு பக்க விதி போதும். நாங்கள் பயன்படுத்துவது ஆறு சோழி. காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. டி அண்ட் டியின் இருபது முகப் பகடையில் ஒன்று விழவும் இருபது விழவும் பத்து விழவும் ஒரே வாய்ப்பு, இருபதில் ஒன்று. தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை பேசிய பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் மிகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. ஆறு சோழியில் அப்படி இல்லை. ஒவ்வொரு சோழியும் நிமிரவும் கவிழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிர்வதற்கு 64இல் 20 வாய்ப்பு, ஒன்றுமே நிமிராமல் போக 64இல் ஒன்றுதான். நடுவில் விழுவதே அதிகம். அந்த நடு எண்களில் "நடக்கும், ஆனால் வில்லங்கத்தோடு" என்று வைத்துவிட்டால், கதை நகர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளையும் பேசிக்கொண்டே இருக்கும்.

பகடை என்றதும் "சூதாட்டமா?" என்று கேட்கும் தாத்தாக்களுக்கும் சோழி நல்ல பதில். வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் பாட்டி தாயமும் பரமபதமும் ஆடியபோது யாரும் தருமரை நினைத்துப் பயப்படவில்லையே. அமெரிக்காவிலும் 1980களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகும், தற்கொலைக்குத் தள்ளும் என்று பெரிய பீதி கிளம்பியது. 1983இல் அதை எதிர்க்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு தொடர்பும் கிடைக்கவில்லை.

மொழி விஷயத்தில் மேசைக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்றுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள் நம்முடையவர்கள். கூடலூர் என்றால் மலையாளமும் சேரும். வகுப்பிலோ வீடியோ காலிலோ எதிராளியின் மொழியில்தான் பேச வேண்டும். விளையாட்டில் பாத்திரம் எந்த மொழியிலும் பேசலாம். பாட்டி பாத்திரத்தைப் படுக மொழியில் பேசிய ஒரு பெண், முதல் முறையாகக் குரலை உயர்த்தி அதட்டியதை அங்கேதான் கேட்டேன்.

நேரில் கூட முடியாதவர்கள் ஆன்லைனில் ஆடலாமா? பந்தலூர், கூடலூர் போலப் பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் அது ஒன்றுமில்லாததற்கு மேல். முகம் காட்டாமல், தட்டச்சு செய்து பேசலாம் என்பது சில பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. ஆனால் தெரிந்த பெரியவர் நடத்தும் குழுவாக மட்டும் இருக்க வேண்டும். முகம் தெரியாத பெரியவர்கள் கலந்திருக்கும் ஆன்லைன் அரட்டைக் குழுக்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை "பழகிக்கோ" என்று விடுவது கூடாது.

செலவைப் பொறுத்தவரை ஒப்பிடவே தேவையில்லை. சோழி, நோட்டு, பென்சில், ஊர்ச் சமுதாயக் கூடம், பிள்ளைகளுக்கு டீயும் வர்க்கியும்.

குழு சேர்க்கும்போது பழகத் தயங்கும் பிள்ளைகளை மட்டும் சேர்க்காதீர்கள். நாலு பேரில் இரண்டு பேர் சாதாரணமாகப் பழகும் பிள்ளைகளாக, சித்தப்பா மகளோ அதே தெருப் பையனோ, இருக்கட்டும். காத்திருக்கவும் குறுக்கே பேசாமல் இருக்கவும் அவர்களும் கற்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை பள்ளியில் தெரிந்த முகம் ஒன்றும் கிடைக்கும். நடத்த ஆள் தேடுபவர்கள் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நீலகிரியின் நாலு வட்டாரத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். நேரம், காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். சாயங்காலம் வைத்தால் கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து பெற்றோர் பாதியில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் கிடைக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: தானாக யாரிடமாவது எதையாவது கேட்கிறானா, சாப்பிடும்போது யார் பக்கத்தில் உட்கார்கிறான். பிள்ளையிடமும் கேளுங்கள், அடுத்த வாரம் போக விருப்பமா என்று. இரண்டு பக்கமும் அசைவே இல்லை என்றால் விளையாட்டை இழுத்துக்கொண்டே போக வேண்டாம். கோவை வகுப்புக்காரர்களிடம் பேசி, மே மாத விடுமுறையில் தொடர்ச்சியாக நடத்துவார்களா என்று கேட்டு, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கி முடித்துவிட்டு வாருங்கள். அப்படிச் செய்தால் பஸ் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஜூனில் திரும்பி வந்த பிறகு, கற்றதைப் பழகிப் பார்க்க அதே சனிக்கிழமை மேசையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.